ஆம்ப்ளிஃபயருக்குள் வைத்த சிவப்புப் புள்ளிகள்

என் மனைவி எந்தப் பொருளையும் முதலில் பின்பக்கம்தான் பார்ப்பாள். கடைக்காரர் ஒரு மிக்ஸியை எடுத்துக் காட்டினால் அதைக் கவிழ்த்து அடியிலிருக்கும் திருகாணிகளைப் பார்ப்பாள். ஒரு திருகாணியின் தலையில் சின்னக் கீறல் இருந்தால் போதும். "இதை யாரோ ஏற்கெனவே திறந்திருக்காங்க" என்று வைத்துவிட்டு நடந்துவிடுவாள். அவள் இறந்த பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் அவளுடைய பொறுமையைச் சொன்னார்கள், சுத்தத்தைச் சொன்னார்கள். அவளுடைய சந்தேகத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. போனவர்களைப் பற்றி அப்படிப் பேசக் கூடாது என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அதை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது அவள் இல்லை, வேறு யாரோ.

வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் ஒரு பெரிய கடையின் கிடங்கில் அவளுக்கு வேலை. வாங்கியவர்கள் "கெட்டுப்போச்சு" என்று திருப்பிக் கொடுக்கும் சரக்கைப் பரிசோதிக்கும் பிரிவு. வருவதில் பாதி உண்மையிலேயே பழுதானது. மீதி, கீழே போட்டு உடைத்துவிட்டு "அப்படியேதான் வந்துச்சு" என்று சாதிக்கிறவர்களுடையது. ஒருவர் புது இஸ்திரிப் பெட்டி வந்த அட்டைப்பெட்டியில் தன் பழைய இஸ்திரிப் பெட்டியை வைத்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், துணி கருகிய வாசனைகூடப் போகாமல். இவற்றையெல்லாம் கண்டுபிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளம். கூட வேலை செய்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அவளுடைய மேசைக்குப் பின்னால் மூன்று அலமாரிகள் இருந்தன. ஒன்று நல்லது, ஒன்று கெட்டது, மூன்றாவது சந்தேகம். நிரூபிக்கும் வரை யாரையும் பொய்யர் என்று சொல்லக் கூடாது, நிரூபிக்கும் வரை நம்பவும் கூடாது. அதுவரை அந்தப் பொருள் மூன்றாவது அலமாரியில் கிடக்கும். அது கிடங்கின் விதி. அவள் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஓர் ஆசை இருந்தது. நல்ல ஸ்டீரியோ வேண்டும். சின்ன வயதில் அவள் வளர்ந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டில் பெரிய பாட்டுப் பெட்டி இருந்தது. சுவரைத் தாண்டி வந்தது 'தும் தும்' மட்டும்தான். குரல் வராது, புல்லாங்குழல் வராது. எத்தனையோ பாட்டுகளை அவள் அடிச்சத்தமாக மட்டுமே அறிந்திருந்தாள். பிறகு அவற்றில் ஒன்றை ஒரு பேருந்தில் முழுசாகக் கேட்டபோது, இத்தனை நாள் தன்னை யாரோ ஏமாற்றியதுபோல இருந்தது என்று என்னிடம் சொன்னாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

எங்கள் இரண்டு சம்பளத்தில் வாடகை, மளிகை, மருந்து எல்லாம் போக மிஞ்சுவதை வைத்துப் புதிதாக ஒரு நல்ல செட் வாங்க முடியாது. அந்த விலைக்குக் கிடைத்தவை எல்லாம் நீலமும் சிவப்புமாக விளக்கு எரியும் பெட்டிகள். கடைக்காரர் விளக்கைப் போட்டுக் காட்டியபோது, "சத்தத்துக்கு எதுக்குங்க வெளிச்சம்? இருட்டுல கேட்டா கேக்காதா?" என்றாள். அவர் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார்.

எனவே தனித்தனியாக, பழையதாக, ஒவ்வொன்றாகச் சேர்ப்பது என்று முடிவெடுத்தாள். முதலில் ஸ்பீக்கர். காசில் பெரும்பங்கு அதற்குத்தான் போக வேண்டும், ஏனென்றால் காதுக்கு வந்து சேர்வது அதுதான் என்பது அவள் கணக்கு. பிறகு ஆம்ப்ளிஃபயர். பாட்டுப் போடும் கருவி எதுவாக இருந்தாலும் சமாளிக்கலாம். வயருக்குப் பெரிய விலை கொடுக்கிறவன் ஏமாளி, வீட்டுக்கு மின்சாரம் இழுக்கும் தடித்த வயரே போதும். நல்ல ஸ்பீக்கர் கனமாக இருக்கும் என்று எங்கோ படித்திருந்தாள். போகிற கடையிலெல்லாம் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். ஒரு கடையில் ஒரு ஜோடி நல்ல கனமாக இருந்தது. எனக்குச் சந்தோஷம். அவள் பின்பக்கம் திருகாணியைக் கழற்றச் சொன்னாள். கடைக்காரர் முடியாது என்றார். இவள் கைப்பையிலிருந்து தன் திருப்புளியை எடுத்தாள். உள்ளே, கனத்துக்காக ஒரு சிமென்ட் பலகையை ஒட்டி வைத்திருந்தார்கள். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் முகத்தில் ஒரு திருப்தி. ஸ்பீக்கர் கிடைத்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள்.

கடைசியில் ஊரை விட்டுப் போகிற ஒரு பெரியவரின் வீட்டில் அமைந்தது. மரப்பெட்டி ஸ்பீக்கர்கள், இடுப்புயரம். டார்ச் அடித்துப் பார்த்தாள். காகிதக் கூம்பை விரல் நுனியால் மெல்ல அழுத்தி, உரசும் சத்தம் வருகிறதா என்று காது வைத்தாள். தான் கொண்டுவந்த பாட்டைத் தானே போட்டுக் கேட்டாள். அவர் அறையிலேயே நிற்பதுகூட அவளுக்குச் சரியாகப் படவில்லை, கொஞ்ச நேரம் வெளியே இருக்க முடியுமா என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்து, "நான் பொட்டியத்தானேப்பா விக்கறேன்? வீட்டையே எழுதிக் கேக்கற மாதிரில்ல இருக்கு" என்றபடி வராந்தாவுக்குப் போனார். இரண்டு பெட்டிகளில் ஒன்றில் மட்டும் உச்சஸ்தாயி கொஞ்சம் மங்கலாக வந்தது. அதைச் சொல்லியே விலையைக் குறைத்து வாங்கிவிட்டாள். அவர் தன் ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்தே எங்கள் தலையில் கட்டினார். அதில் இடது பக்கச் சத்தம் வரும், திடீரென்று போகும். "உங்க தம்பி இருக்காரே, பாத்துக்குவார்" என்றாள் என்னிடம்.

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு தெரு தள்ளி, டிவி, ரேடியோ பழுதுபார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு இருந்த ஒரே வீடு எங்கள் வீடுதான். கடைக்கு மேலிருக்கும் அறையில் படுத்துக்கொள்வான், இரவுச் சாப்பாடு எங்களோடு. அண்ணி சமையலைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை போட்டுக்கொள்வான். "உப்பு போடலன்னா சொல்லுங்க அண்ணி, நான் கடையிலேர்ந்து எடுத்துட்டு வரேன்" என்பான். "உங்க கடையில ஈயம்தான் இருக்கும் தம்பி, வேணும்னா அதைப் போட்டுத் தின்னுங்க" என்பாள் அவள். எனக்கு அது பழகிய சத்தம்.

ஆம்ப்ளிஃபயரை அவனிடம் கொடுப்பதற்கு முந்தைய மாலை, அவள் அதன் மூடியைக் கழற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் சிவப்பு நகப்பூச்சுப் புட்டி. அவள் நகத்துக்கு எதுவும் பூசுகிறவள் இல்லை. இதற்கென்றே வாங்கியிருந்தாள். டிரான்ஸ்ஃபார்மர் மேல் ஒரு புள்ளி, பெரிய உருளைகளின் தலையில் ஒவ்வொரு புள்ளி, டிரான்சிஸ்டர்கள் மேல் ஒவ்வொரு புள்ளி. பழுதுபார்க்கக் கொடுத்தால் நல்ல சாமானை உருவிவிட்டு மட்டமானதை வைத்துவிடுவார்கள் என்பது ஊரறிந்த பேச்சு. நிறையப் பேர் இப்படிக் குறி வைத்துத்தான் கொடுக்கிறார்கள்.

என் தம்பியிடம் கொடுப்பதற்குமா என்று கேட்டேன்.

"நான் ஆளைப் பாக்கலங்க. பொட்டியப் பாக்கறேன்" என்றாள்.

தம்பி சீக்கிரமே சரிசெய்து கொண்டுவந்தான். இடமும் வலமும் ஒரே சீராகப் பாடியது. பெட்டி வெளியே துடைத்துப் பளிச்சென்றிருந்தது. அவன் சாப்பிட்டுவிட்டுப் போகும் வரை அவள் பெட்டியைத் தொடவில்லை. அவன் காலடிச் சத்தம் படியிறங்கி மறைந்ததும் திருப்புளியை எடுத்தாள். மூடியைத் தூக்கினாள். ஒரு புள்ளிகூட இல்லை.

டார்ச்சைக் கிட்டே கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உள்ளே இருந்ததெல்லாம் புத்தம் புதுசு மாதிரி மினுங்கியது. மூடியை வைத்துத் திருகாணிகளை ஒவ்வொன்றாக இறுக்கினாள். கோபத்தில் செய்கிற மாதிரி இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சுத்தம் செய்திருப்பான் என்று சொல்லிப் பார்த்தேன். நகப்பூச்சு தண்ணீரில் கழுவினால் போகாது, கையில் ஒரு வாரம் கிடக்கும் என்றாள். எனக்கும் உள்ளே ஏதோ உறுத்தியது. அந்த மாதம் அவன் கடை வாடகைக்குத் திண்டாடிக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அடுத்த நாட்களில் அவள் ஆம்ப்ளிஃபயரைப் போட்டுப் போட்டுக் கேட்டாள். ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு, சத்தம் மாறியிருக்கிறது என்றாள். அடிச்சத்தம் மெலிந்திருக்கிறதாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்றதும் என்னைப் பார்த்த பார்வையில், நானும் மூன்றாவது அலமாரியில் ஏறிவிட்டேன் என்று புரிந்தது.

ஒரு சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தைப்பக்கத்தில் வேறொரு மெக்கானிக்கிடம் போனோம். அவர் மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார்.

"ஒரிஜினல் ஒண்ணும் இல்லம்மா இதுல. யார்கிட்ட குடுத்தீங்க?"

"தெரிஞ்சவங்ககிட்ட" என்றாள்.

"தெரிஞ்சவங்கதான் இதெல்லாம் செய்வாங்க. தெரியாதவன்கிட்ட நீங்கதான் உஷாரா இருப்பீங்களே."

தன்னிடம் ஒரிஜினல் சாமான் இருப்பதாகவும் மாற்றித் தருவதாகவும் சொன்னார். என் முகம் தொங்கிப்போயிருக்க வேண்டும். அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். தெருமுனை வந்ததும், அந்த ஆளும் சரியில்லை என்றாள். எந்த சாமான், என்ன நம்பர் என்று எதையும் படித்துப் பார்க்காமலேயே சொல்கிறான், அவனுக்கு விற்க வேண்டியது இருக்கிறது. அப்படியென்றால் என் தம்பி எடுக்கவில்லை என்றுதானே அர்த்தம் என்றேன். ஒரு சாட்சி பொய் சொன்னால் குற்றவாளி நல்லவன் ஆகிவிடுவானா என்றாள்.

வீட்டுக்குள் ஒரு குளிர் நுழைந்தது. அவள் என் தம்பியைப் பட்டினி போடவில்லை, முகத்தைச் சுளிக்கவுமில்லை. தட்டை வைத்தாள், பரிமாறினாள். இரண்டாம் முறை வேண்டுமா என்று கேட்பதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். அவன் பழைய உப்பு வேடிக்கையைச் சொன்னபோது, "ம்" என்றாள். அலமாரிச் சாவியை மேசையில் போட்டுவைக்கிறவள், இடுப்பில் செருகிக்கொள்ள ஆரம்பித்தாள். அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணிக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தான். வேலை அதிகம் என்று மென்று விழுங்கினேன்.

நிலைமை இதுதான் என்று அவளே ஒருநாள் வெளிப்படையாகச் சொன்னாள்.

"நான் கேட்டுட்டா உங்க தம்பி இந்த வாசப்படி மிதிக்க மாட்டார். கேக்காம இருந்தா நான் தினமும் ஒரு திருடனுக்குச் சோறு போடறதா நெனச்சுக்கிட்டே போடணும். எது சரின்னு நீங்க சொல்லுங்க."

எனக்கு ஒரே தம்பி. அவனுக்கு வேறு தட்டு எங்கேயும் இல்லை.

பிறகு ஒரு மத்தியானம் அவள் கிடங்கிலிருந்து எனக்குப் போன் செய்தாள். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை. அவளுடைய பக்கத்து மேசைப் பெண் சாப்பாட்டு இடைவேளையில் நகப்பூச்சை அழித்துக்கொண்டிருந்தாளாம். பஞ்சை எதிலோ நனைத்துத் துடைத்ததும் இவளுக்குத் தலையைத் திருப்ப வேண்டியதாகிவிட்டது. அந்த வாசனை. தம்பி கொண்டுவந்த அன்றைக்கு, மூடியைத் தூக்கியதும் பெட்டிக்குள்ளிருந்து வந்த அதே வாசனை. அன்று அதைப் புது சாமானின் வாசனை என்று நினைத்திருக்கிறாள்.

அப்பாடா, விஷயம் முடிந்தது, இனி அவன் காதுக்குப் போகாமலே எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று சொன்னேன்.

"முடியல. வாசனைதானே? பாத்துட்டுச் சொல்றேன். சாயங்காலம் நீங்களும் வாங்க" என்றாள்.

வேண்டாம் என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. ஒருவரைக் கெட்டது அலமாரிக்கு அனுப்ப நிரூபணம் வேண்டும் என்றால், நல்லது அலமாரிக்கு அனுப்பவும் வேண்டும். அவளுக்கு அது அநியாயமாகவே தோன்றவில்லை. இன்னும் சொன்னால், அவனுக்குச் செய்யும் மரியாதையாகத் தோன்றியது.

கடையில் அவன் ஒரு டிவியின் வயிற்றைக் கிழித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. போர்டெல்லாம் எதைப் போட்டுச் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேட்டாள். பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் என்று ஒரு புட்டியைக் காட்டினான். அடுப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த பெட்டிக்கு வேறெதுவும் வேலைக்கு ஆகாது, அந்தப் பெரியவர் சமையலறையில்தான் பாட்டுக் கேட்டிருப்பார்போல என்றான்.

அவள் கைப்பையைத் திறந்தாள். நகப்பூச்சுப் புட்டி. மேசையில் கிடந்த செத்துப்போன ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் மேல் ஒரு புள்ளி வைத்தாள். காயும் வரை மூன்று பேரும் சும்மா நின்றோம். தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை. அவள் தின்னரில் பிரஷ்ஷைத் தோய்த்து ஒரு இழு இழுத்தாள். புள்ளி இளஞ்சிவப்பாகக் கரைந்து வழிந்து காணாமல் போனது.

"சரி" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் முன்பு பார்த்ததில்லை.

தம்பி பிரஷ்ஷைப் பார்த்தான், புட்டியைப் பார்த்தான்.

"அண்ணி, அந்த ஆம்ப்ளிஃபயர்ல இருந்த புள்ளி நீங்க வச்சதா?"

அவள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பொய் அவளுக்கு வராது. "ஆமா" என்றாள்.

"நான் பழைய ஓனர் வேலைன்னு நெனச்சேன். யாரோ ஒரு சந்தேகப் பேர்வழின்னு, வேலை பாக்கறப்ப தனியா சிரிச்சுக்கிட்டேன்." தின்னர் புட்டியின் மூடியைத் தேடி எடுத்துத் திருகினான். ஏற்கெனவே இறுகிவிட்ட பிறகும் திருகிக்கொண்டிருந்தான்.

"இப்ப சந்தேகம் இல்ல தம்பி" என்றாள் அவள்.

"இப்ப இல்ல" என்றான்.

அன்று இரவு அவள் அவன் தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். நான் பேப்பரை விரித்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரமாட்டான் என்று நான் நினைத்துவிட்ட சமயத்தில் வந்தான். கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். அவள் கேட்காமலே இரண்டாம் முறை போட்டாள், அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உப்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எழுந்து கை கழுவியதும், மங்கலாகப் பாடும் அந்த ஒரு ஸ்பீக்கரை அவள் வாசல் பக்கம் நகர்த்தி வைத்திருப்பதைப் பார்த்தான். கடைக்கு எடுத்துப் போகட்டும் என்று வைத்திருந்தாள்.

"இங்கேயே பண்ணிடறேன் அண்ணி" என்றான்.

மறுநாள் பற்றவைக்கும் கருவியும் பெட்டியுமாக வந்து, கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தான். கடையில் வெளிச்சம் நன்றாக இருக்கும், எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "பரவால்ல, நீங்க கொஞ்சம் டார்ச் புடிங்க" என்றான். பின்பக்கத்தைக் கழற்றி உள்ளேயிருந்து ஒரு சின்ன சாமானை எடுத்தான். "இது பழசு. உப்பியிருக்கு பாருங்க." புதியதைக் காட்டினான். "இது புதுசு. நம்பர் படிச்சுக்கோங்க." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு பொருளைப் பார்க்க அவள் மறுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அவன் அவசரப்படவில்லை. சாமானை விரல்களுக்கிடையில் பிடித்தபடி காத்திருந்தான், அவள் திரும்பிப் பார்த்து, நம்பரைப் படித்து, "பாத்துட்டேன்" என்று சொல்லும் வரை. அதன் பிறகுதான் பற்றவைத்தான். அடுத்ததற்கும் அப்படியே. குரலில் சூடு இல்லை. ஒரு நல்ல வாத்தியார்போலத்தான் பேசினான்.

வேலை முடிந்ததும் பெட்டிகளைச் சுவரிலிருந்து தள்ளி, செங்கல் அடுக்கி நிறுத்தினோம். அவள் ஒரு பாட்டைப் போட்டாள். குரல் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில் வந்து நின்றது. புல்லாங்குழல்காரர் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தம்பி சாமான்களைப் பெட்டியில் எடுத்துவைத்தபடியே, "திருப்திதானே அண்ணி?" என்றான். அவள் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு அந்த செட்டில் எது பழுதானாலும் எங்கள் கூடத்தில்தான் வேலை நடந்தது. மிக்ஸி, மின்விசிறி எல்லாமே அப்படித்தான். எங்கள் வீட்டிலிருந்து ஒரு திருகாணியைக்கூட அவன் தன் கடைக்கு எடுத்துப் போகவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் டார்ச் பிடித்து, பார்த்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். சாப்பிட வருவதை அவன் நிறுத்தவில்லை. கொஞ்ச நாளில் உப்பு வேடிக்கைகூடத் திரும்பி வந்தது. ஆனால் அவன் போன பிறகு அவள் என்னிடம் கேட்பாள்: "உங்க தம்பி இதைக் கோபத்துல பண்றாரா, இல்ல என் மனசு நிம்மதியா இருக்கட்டும்னு பண்றாரா?" அவனிடமே கேட்டுவிடு என்பேன். எல்லாவற்றையும் நிரூபித்துப் பார்த்தவள், அதை மட்டும் கேட்கவே இல்லை. படுக்கையில் விழுந்த பிறகும் ஒருமுறை கேட்டாள், என்னிடம்தான்.

போன வாரம், அவள் இல்லாத வீட்டில், செட்டில் வலது பக்கச் சத்தம் நின்றுவிட்டது. தம்பி வந்து பார்த்தான். பெரிய வேலை, கடையிலிருக்கும் கருவிகள் வேண்டும் என்றான். எடுத்துக்கொண்டு போ என்றேன். ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல் வரை போனான். அங்கே நின்றான். திரும்பி வந்து அதைக் கூடத்தில் இறக்கிவைத்தான்.

"கருவியை இங்க எடுத்துட்டு வரேண்ணா. நீங்க டார்ச் புடிங்க."

அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். கோபமா, மற்றதா, எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். செய்தித்தாளை எடுத்து வந்து விரித்தேன்.